ஒரே ஹைடி, ஊருக்கொரு குரல்

ஆல்ப்ஸ் மலையில் தாத்தாவோடு வாழும் சிறுமி ஹைடியின் கதையைப் புத்தகமாக மட்டும் படித்தவருக்கு அந்த நாயைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஸ்விஸ் எழுத்தாளர் யோஹான்னா ஸ்பீரி 1880-லும் 1881-லும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட கதையில் தாத்தாவின் குடிசையில் இரண்டு ஆடுகள் உண்டு, நாய் கிடையாது. குடிசை வாசலில் அரைத் தூக்கத்தில் படுத்திருக்கும், நத்தையைக் கண்டால் மட்டும் சுறுசுறுப்பாகும் அந்தப் பெரிய செயின்ட் பெர்னார்ட் நாய் டோக்கியோவில் எடுத்த கார்ட்டூன் தொடரில் பிறந்தது. ஜப்பானில் அதன் பெயர் யோசெஃப். ஜெர்மனியிலும் அப்படியே. ஸ்பெயினுக்குப் போனதும் நியெப்லா ஆயிற்று, இத்தாலியில் நெப்பியா. இரண்டுக்கும் மூடுபனி என்றுதான் பொருள்.

பெயரை மாற்றினார்கள், பாட்டை மாற்றினார்கள், ஒரு நாட்டில் பின்னணி இசையையே முழுதாக எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். ஆனால் படத்தில் யாரும் கை வைக்கவில்லை. ‘ஆல்ப்ஸ் சிறுமி ஹைடி’ என்ற 52 எபிசோடு ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஐரோப்பாவில் சொந்தப் பிள்ளை மாதிரி வளர்ந்ததற்குக் காரணம் அந்தப் படம்தான். அதை எப்படி வரைந்தார்கள் என்று பார்த்தால்தான், ஒலியில் நடந்த மாற்றங்கள் எவ்வளவு தூரம் சென்றன, எங்கே நின்றன என்பது பிடிபடும்.

அனுமதி கேட்க ஆளில்லாத கதை

தொடரை இயக்கிய இசாவோ டகஹாட்டா, ஓவியர்கள் ஹயாவோ மியாசாகி, யோய்ச்சி கொடாபே மூவரும் 1971-ல் டோயே அனிமேஷன் நிறுவனத்தை விட்டு வெளியே வந்தது ஹைடிக்காக அல்ல. ஸ்வீடனின் ‘பிப்பி நீள்காலுறை’ கதையைத் தொடராக்குவதுதான் திட்டம். மியாசாகி ஸ்வீடன் வரை போய் இடங்களைப் பார்த்து வந்தார், படங்களும் வரைந்து வைத்தாயிற்று. எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் சம்மதம் தரவில்லை. திட்டம் அத்தோடு போயிற்று.

ஹைடிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஸ்பீரி இறந்தது 1901-ல், உரிமை கேட்டு வர யாரும் இல்லை. ஜப்பானில் கதைக்கு வாசகர்களும் ஏற்கனவே இருந்தார்கள். யாயெகோ நோகாமியின் மொழிபெயர்ப்பு 1920-லேயே வந்துவிட்டது. 1925-ல் வந்த இன்னொரு மொழிபெயர்ப்பில் ஹைடிக்குக் கயேதே என்று பெயர். மேப்பிள் மரத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் அது. அப்படிப் பார்த்தால், ஊருக்கு ஊர் பெயர் மாற்றும் வேலையை ஐரோப்பியர்களுக்கு முன்பே ஜப்பானியர்கள் செய்துவிட்டார்கள்.

தயாரிப்பாளர் ஷிகெஹிடோ டகஹாஷிக்கு இந்தக் கதை மீது பழைய ஆசை. 1967-லேயே ஒரு சிறிய மாதிரிப் படம் எடுத்துப் பார்த்திருந்தார். பிறகு அவரது ஜுயோ எய்ஸோ நிறுவனம் தொடரை எடுத்தது. கால்பிஸ் என்ற பால் பானக் கம்பெனி விளம்பரதாரர். ஃபுஜி டிவியில் 1974 ஜனவரி 6 முதல் டிசம்பர் 29 வரை, ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரைக்கு ஒளிபரப்பு. அந்த அக்டோபரில் அதே ஏழரை மணிக்கு வேறு சேனலில் தொடங்கிய விண்வெளிப் போர்க்கப்பல் தொடர் ஒன்று, ஆடு மேய்க்கும் சிறுமியோடு மோதிப் பார்வையாளர் கிடைக்காமல் 26 எபிசோடுகளில் சுருங்கியது. அதுதான் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ‘யமாட்டோ’.

சடை போன கதை

1973 ஜூலையில் டகஹாட்டா, மியாசாகி, கொடாபே ஆகியோர் ஸ்விட்சர்லாந்துக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் போனார்கள். வாராவாரம் வரும் ஒரு கார்ட்டூனுக்காக வெளிநாடு போய் இடம் பார்ப்பது அன்றைக்குக் கேள்விப்படாத செலவு. கிராவுபுண்டன் மாநிலத்தில் ரைன் பள்ளத்தாக்கை ஒட்டிய மையன்ஃபெல்ட் ஊர், அதற்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் குடிசைகள், கோடையில் மாட்டையும் ஆட்டையும் உயரத்துக்கு ஓட்டிப் போய்க் கிடை போடும் வழக்கம், மரச்சட்டிகள், கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் குறிப்பேட்டில் ஏறின.

ஹைடியின் தலைமுடியும் அப்போது முடிவானதுதான். பாத்திரங்களை வடிவமைத்த கொடாபே முதலில் இரட்டைச் சடை போட்டிருந்தார். ஐந்து வயதுக் குழந்தை தானாகச் சடை பின்னிக்கொள்ளாது. ஊரோடு பேச்சுவார்த்தை இல்லாத அந்தக் கிழவர் தினம் காலையில் உட்கார்ந்து பேத்திக்குச் சடை பின்னிவிடுவாரா? மாட்டார். அதனால் கத்தரித்த குட்டை முடி. வேடிக்கை என்னவென்றால் மூலப் புத்தகமும் இதையேதான் சொல்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் முதல் நாள், ஹைடி துணையாகப் போன வீட்டின் நடக்க முடியாத சிறுமி கிளாரா அவளிடம், உன் முடி எப்போதும் இப்படிக் குட்டையாகச் சுருட்டையாகத்தான் இருக்குமா என்று கேட்கிறாள். பொன்னிறச் சடையைப் பரப்பியவர்கள் பிறகு வந்த ஓவியர்களும் சினிமாக்காரர்களும். டோக்கியோ ஓவியர் நடைமுறையை யோசித்து எடுத்த முடிவு ஸ்பீரியின் வரிக்கே திரும்பிவந்துவிட்டது.

முகப்புக் காட்சியில் ஹைடியும் ஆடு மேய்க்கும் சிறுவன் பீட்டரும் கைகோத்துக் குதித்து ஆடுவார்கள். இதற்காக மியாசாகியும் கொடாபேயும், வளர்ந்த ஆண்கள் இருவர், வாகன நிறுத்துமிடத்தில் கைகோத்து ஆட, அதை 8 மில்லிமீட்டர் கேமராவில் பிடித்தார்கள். அதைப் பார்த்து வரைந்தவர் மூத்த ஓவியர் யசுஜி மோரி.

மியாசாகியின் பெயர் தொடரில் ‘காட்சி அமைப்பு, லேஅவுட்’ என்று வரும். இந்த லேஅவுட் வேலையைக் கொஞ்சம் விளக்கவேண்டும். வழக்கமான முறையில், காட்சிகளை வரிசையாக வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டில் கட்டைவிரல் அளவுப் படம் இருக்கும். அதைப் பார்த்துப் பின்னணி ஓவியர் ஒருபக்கம் மலையை வரைவார், அனிமேட்டர் இன்னொருபக்கம் ஆளை வரைவார். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் படமெடுக்கும்போதுதான் கோளாறு தெரியும். ஆள் தரையில் நிற்காமல் மிதப்பார், கதவு ஆளைவிடச் சின்னதாக இருக்கும், முந்தைய ஷாட்டில் இடதுபக்கம் இருந்த அடுப்பு இதில் வலதுபக்கம் போயிருக்கும். லேஅவுட் முறையில் ஒவ்வொரு கட்டுக்கும், அதாவது ஒவ்வொரு ஷாட்டுக்கும், ஒருவர் முழு அளவில் ஒரு தாள் வரைகிறார். கேமராச் சட்டகம் எது, அடிவானம் எங்கே, ஆள் எங்கிருந்து எங்கே நடக்கிறார், மேசையின் விளிம்பு எந்தக் கோட்டில் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த ஒரே தாளிலிருந்துதான் பின்னணிக்காரரும் அனிமேட்டரும் வேலையைத் தொடங்குவார்கள்.

ஒரு எபிசோடுக்குச் சுமார் 300 கட். அவ்வளவையும் வாராவாரம், 52 எபிசோடுக்கும், மியாசாகி ஒருவரே வரைந்தார். அதனால்தான் அந்தக் குடிசைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். ஏணி எங்கே, பரணில் வைக்கோல் படுக்கை எந்தப் பக்கம், வட்ட ஜன்னல் எதைப் பார்க்கிறது, பின்னால் மூன்று ஃபிர் மரங்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பது எபிசோடுக்கு எபிசோடு மாறாது. மசாஹிரோ இயோகாவின் பின்னணி ஓவியங்கள் இந்த எலும்புக்கூட்டின் மேல்தான் நிற்கின்றன. நிறம் மட்டும் அழகாக இருந்து வீடு வாரம் ஒரு பக்கம் திரும்பியிருந்தால், ஆல்ப்ஸ் பக்கத்திலேயே வாழ்கிற பார்வையாளர்கள் இரண்டாம் வாரமே சிரித்திருப்பார்கள்.

ஐந்து அத்தியாயம், பதினெட்டு வாரம்

இரண்டு பாகமும் சேர்த்துப் புத்தகத்தில் 23 அத்தியாயங்கள். ஃபிராங்க்ஃபர்ட் போகும்வரை மலைமேல் நடக்கும் கதைக்கு ஸ்பீரி ஒதுக்கியது ஐந்தே அத்தியாயங்கள். தொடர் அதே கதைக்கு 18 எபிசோடு எடுத்துக்கொள்கிறது. வில்லன் இல்லை, புதையல் இல்லை. ஆடு கறப்பது, சீஸ் காய்ச்சுவது, புல் உலர்த்துவது, பனிக்காலம் வருவது, இவைதான் நிகழ்ச்சிகள்.

ஒரு காட்சியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். தாத்தா நீளமான இரும்பு முள்ளில் சீஸ் துண்டைக் குத்தி அடுப்புத் தீயில் காட்டி, எல்லாப் பக்கமும் பொன்னிறமாகும்வரை திருப்புகிறார். புத்தகத்தில் இது ஒரு வாக்கியம். திரையில் சீஸின் மேல்பரப்பு முதலில் வியர்க்கிறது, பிறகு விளிம்பு மழுங்குகிறது, பிறகு பளபளப்போடு மெல்லத் தொய்ந்து ரொட்டியில் இறங்குகிறது. இந்த அவசரமின்மையைப் படத்தில் கொண்டுவருவது கடினம். வேகமாக உருகினால் மெழுகு மாதிரி ஆகிவிடும், மெதுவாக்கிப் படங்களைக் குறைத்தால் கல் மாதிரி நின்றுவிடும். ஆறிய சீஸை மட்டும் தின்று பழகிய ஜப்பானியக் குழந்தைகள் பலருக்கு, உருகிய சீஸ் என்றால் இன்றும் இந்தக் காட்சிதான்.

வெள்ளை ரொட்டியும் அப்படித்தான். மலையில் கறுத்த கெட்டி ரொட்டி, ஃபிராங்க்ஃபர்ட்டில் மெத்தென்ற வெள்ளை ரொட்டி. பீட்டரின் பாட்டிக்குப் பல் இல்லை. ஹைடி சாப்பாட்டு மேசையிலிருந்து தினம் ஒன்றாக எடுத்து அலமாரியில் சேர்த்து வைக்கிறாள். வீட்டை ஆளும் ஃப்ராய்லைன் ரோட்டன்மையர் அத்தனையையும் குப்பைக்கு அனுப்புகிறார். ஸ்பெயினில் இன்றைக்கும் கெடுபிடி செய்யும் பெண்ணை ‘சென்யோரித்தா ரோட்டன்மையர்’ என்றுதான் கேலி செய்கிறார்கள்.

டகஹாட்டா கூட்டியது போலவே கழித்ததும் உண்டு. புத்தகத்தின் முதுகெலும்பு கிறிஸ்தவ பக்தி. பைபிளின் ஊதாரி மைந்தன் கதையைப் பேத்தி படித்துக் காட்ட, மறுநாள் தாத்தா பல வருடம் கழித்துத் தேவாலயப் படி ஏறுகிறார். தொடரில் இந்தப் பக்தி பெரும்பாலும் மங்கி, அந்த இடத்தை மலையும் காற்றும் எடுத்துக்கொள்கின்றன. பீட்டரையும் காப்பாற்றிவிட்டார்கள். புத்தகத்தில் பொறாமையால் கிளாராவின் சக்கர நாற்காலியை மலையிலிருந்து உருட்டிவிடுபவன் அவன். தொடரில் நாற்காலி உடைவது கிளாராவின் கையால். நடந்து பழகுவதில் சலித்துப்போய் அவளே நாற்காலியைத் தேடிப் போக, அது கைநழுவிச் சரிவில் ஓடி நொறுங்குகிறது. குற்றம் வெளியிலிருந்து வருவதற்குப் பதில் அவளுடைய தயக்கத்திலேயே இருக்கிறது. இந்த ஒரு இடத்தில் தொடர் புத்தகத்தை மிஞ்சிவிட்டது என்பேன். பக்தியை எடுத்ததைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் தாத்தாவின் மனமாற்றத்துக்குப் புத்தகத்தில் இருந்த அழுத்தமான காரணம் தொடரில் மெலிந்துபோகிறது.

ஸ்பெயின் முதலில்

ஸ்பெயினின் அரசுத் தொலைக்காட்சி 1975 மே மாதமே ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. ஜப்பானில் முடிந்து ஐந்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அப்போது அங்கே தனியார் சேனல் கிடையாது, எனவே ஒரு தொடர் பிடித்துப்போனால் ஒட்டுமொத்த நாட்டுக்கும் பிடித்தது போலத்தான். ஸ்டிக்கர் ஆல்பம், படக்கதை, பொம்மை என்று கடைகள் நிரம்பின. டகேயோ வடானபே போட்ட முகப்புப் பாட்டின் மெட்டுக்கு ஸ்பானிய வரிகள் எழுதி, ‘அபுவெலீத்தோ, தீமே தூ’ என்று ஸ்பானிய மொழி உலகம் முழுக்கப் பாடினார்கள். தாத்தா, நீ சொல்லு என்று அர்த்தம். ஜப்பானிய மூலத்திலும் பாட்டு குழந்தையின் கேள்விகள்தான், தலைப்பே ‘சொல்லிக்கொடு’. அந்த மூலப் பாட்டில் கேட்கும், குரலைச் சட்டென்று ஏற்றி இறக்கும் ஆல்ப்ஸ் பாட்டுமுறையான யோடலையும் மலைக்கொம்பையும் ஸ்விட்சர்லாந்திலேயே பதிவு செய்து எடுத்து வந்திருந்தார்கள்.

ஜெர்மனி எடுத்த கத்தரிக்கோல்

மேற்கு ஜெர்மனிக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. 1971-ல் ஏஆர்டி சேனல் ஒளிபரப்பிய ஜப்பானியக் கார் பந்தயத் தொடரை, வன்முறை என்று எழுந்த கண்டனத்தால் சில எபிசோடுகளிலேயே நிறுத்தினார்கள். அதன் பிறகு போட்டிச் சேனலான இசட்டிஎஃப் வேறு வழியில் போனது. ஐரோப்பியக் குழந்தைக் கதை, ஜப்பானிய ஓவியர்கள், ஜெர்மன் மேற்பார்வை. 1974-ல் வைக்கிங் சிறுவன் விக்கி, 1976-ல் தேனீ மாயா இரண்டும் இப்படிக் கூட்டாக உருவானவை. ஹைடி அப்படி அல்ல. முழுக்க முடிந்த தொடரை மியூனிக்கின் பட உரிமை வியாபாரி லியோ கிர்ஷ் வழியாக வாங்கினார்கள், 1977 செப்டம்பர் 18 அன்று இசட்டிஎஃப்பில் தொடங்கியது. வரையும்போது தலையிட முடியவில்லை. ஆகவே ஒலியில் தலையிட்டார்கள்.

டப்பிங்குக்கு வரும் படத்தோடு இரண்டு ஒலித்தடங்கள் வரவேண்டும். ஒன்று வசனம். மற்றது இசையும் ஓசைகளும். ஆட்டுமணி, காற்று, காலடி எல்லாம் இரண்டாவதில் இருக்கும். அது ஒழுங்காக வந்தால் வசனத்தை மட்டும் புதிதாகப் பதிந்து ஒட்டிவிடலாம். இசையும் ஓசையும் ஒரே தடத்தில் கலந்திருக்க, இசை மட்டும் வேண்டாம் என்றால் சிக்கல். இசையை எடுத்தால் மணியும் காற்றும் சேர்ந்தே போய்விடும், எல்லாவற்றையும் உட்கார்ந்து மறுபடி செய்யவேண்டும். ஜெர்மானியர்கள் அந்தச் செலவுக்குத் துணிந்தார்கள். கெர்ட் வில்டன் பின்னணி இசையைப் புதிதாக எழுதினார். முகப்புப் பாட்டுக்குக் கிறிஸ்டியான் புரூன் மெட்டுப் போட, கிட்டி, எரிக்கா என்ற இருவர் யோடலோடு பாடினார்கள். ஹைடி, உன் உலகம் மலைகள்தான் என்று போகும் அந்தப் பாட்டில் கேள்வியே இல்லை. ஜப்பானியப் பாட்டில் குழந்தை கேட்கிறது. ஜெர்மன் பாட்டில் பெரியவர்கள் குழந்தையைப் பார்த்துப் பாடுகிறார்கள். மெட்டு ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல, ஆனால் நிற்கும் இடம் வேறு.

வாயசைவு மட்டும் பெரிய தொல்லை தரவில்லை. அன்றைய ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேஷனில் பொதுவாக ஒரு படத்தை மூன்று சட்டகத்துக்கு நிறுத்துவார்கள், அதாவது விநாடிக்கு ஓடும் 24 சட்டகத்துக்கு எட்டே படம். வாய்க்கு மூடியது, பாதி திறந்தது, முழுக்கத் திறந்தது என்று மூன்றே வடிவம். எந்த மொழியும் அதற்குள் அடங்கும். பேச்சு தொடங்குவதும் முடிவதும் பொருந்தினால் போதும். கஷ்டமெல்லாம் மௌனத்தில்தான். தாத்தா பதில் சொல்லாமல் மரம் செதுக்கும் நீண்ட இடங்களில், ஏதாவது பேசினால் என்ன என்று டப்பிங் எழுதுபவருக்குக் கை அரிக்கும். அங்கே ஒரு வரி சேர்த்தாலும் தாத்தா வேறு ஆளாகிவிடுவார்.

வேகத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. சினிமாச் சுருள் விநாடிக்கு 24 சட்டகம், மேற்கு ஐரோப்பியத் தொலைக்காட்சி 25. சுருளை 25-ல் ஓட்டினால் 24 நிமிடப் படம் 23 நிமிடம் 2 விநாடியில் முடிந்துவிடும். படத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூல இசை சுருளோடு சேர்ந்து ஓடினால் சுருதி ஏறும். அரைக் கட்டையில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு. ஜப்பானியப் பதிப்பைக் கேட்டுப் பழகிய காது, ஐரோப்பிய வீடியோவில் அதே பாட்டு ஏன் சற்றுக் கீச்சென்று கேட்கிறது என்று தடுமாறும் இடம் இதுதான். ஜெர்மன் பதிப்பில் இசையும் குரலும் புதிது என்பதால் இந்தச் சிக்கல் எழவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஜப்பானியத் தடம் என்று காதில் விழ எதுவும் மிஞ்சவில்லை. அந்தத் தலைமுறை ஜெர்மானியர்கள் பலர் இதைத் தங்கள் பக்கத்துப் படம் என்று நினைத்தே வளர்ந்தார்கள். அப்படி நினைக்க இடம் கொடுத்ததும், அந்த நினைப்பு கண்ணால் பார்க்கும்போது கலையாமல் காத்ததும் மியாசாகியின் தாள்களும் இயோகாவின் மலைகளும்தான்.

இத்தாலிக்குப் போனது எந்த ஹைடி?

இத்தாலியில் அரசுத் தொலைக்காட்சியான ராய் 1978 பிப்ரவரி 7 அன்று தொடங்கியது. அங்கே வண்ண ஒளிபரப்பு முறையாக ஆரம்பித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது, ஆல்ப்ஸ் பச்சைக்கு அது நல்ல நேரம். எலிசபெட்டா விவியானி பாடிய முகப்புப் பாட்டு இசைத்தட்டாகவும் சக்கைப்போடு போட்டது. ஆனால் அந்த மெட்டு வடானபேயுடையது அல்ல, புரூனுடையது. ஆக, ஸ்பெயினுக்கு டோக்கியோவின் மெட்டு, இத்தாலிக்கு மியூனிக்கின் மெட்டு. ஸ்பெயின்காரர் ஒருவரும் இத்தாலிக்காரர் ஒருவரும் ஹைடி பாட்டை முணுமுணுத்தால், ஒருவருக்கு மற்றவர் பாட்டு தெரியாது.

ஹைடிக்குப் பின் இரண்டே மாதத்தில், ஏப்ரல் 4 அன்று, ராய் இன்னொரு ஜப்பானியத் தொடரைத் தொடங்கியது. கோல்ட்ரேக் என்ற மாபெரும் ரோபோ. ஜப்பானியக் கார்ட்டூன் வன்முறை என்ற புகார் இத்தாலியில் கிளம்பியது அதன் மீதுதான், ஹைடி அந்தப் பேச்சில் சிக்கவில்லை.

இந்தியாவிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. 1989-ல் நிப்பான் அனிமேஷன் எடுத்த மௌக்லி தொடரை 1993-ல் தூர்தர்ஷன் ஒளிபரப்பியபோது, மூலப் பாட்டை எடுத்துவிட்டு குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த இந்திப் பாட்டைப் போட்டார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவருக்கு, ஒரு ஜெர்மானியர் புரூனின் யோடலை ஏன் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று விளக்கவேண்டியதில்லை.

அந்த நிப்பான் அனிமேஷனே ஹைடியின் கடனிலிருந்து வந்ததுதான். இவ்வளவு செலவு செய்து எடுத்த ஜுயோ எய்ஸோ 1975-ல் பணத் தட்டுப்பாட்டில் தள்ளாடியது. தயாரிப்புப் பிரிவு நிப்பான் அனிமேஷன் என்ற புதிய பெயரில் பிரிந்து போயிற்று. ஆட்கள் அங்கே, ஹைடியின் உரிமை மட்டும் ஜுயோவிடம். அதனால்தான் நிப்பான் அனிமேஷன் தன் புகழ்பெற்ற இலக்கியத் தொடர் வரிசையை எண்ணும்போது 1975-ல் வந்த ‘ஃபிளாண்டர்ஸ் நாய்’ தொடரிலிருந்து ஆரம்பிக்கிறது. வரிசைக்கே வழி போட்ட ஹைடி பட்டியலில் இல்லை.

கதை பிறந்த நாட்டில் இது பேசுபொருளாகக் காலம் பிடித்தது. சூரிச்சின் ஸ்விஸ் தேசிய அருங்காட்சியகம் 2019-ல் ‘ஜப்பானில் ஹைடி’ என்று கண்காட்சியே வைத்தது. 2023-ல் ஸ்பீரி, ஹைடி ஆவணங்கள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன.

2015-ல் ஸ்டூடியோ 100 நிறுவனம் கணினி வரைகலையில் 39 எபிசோடுகளாக ஒரு புதிய ஹைடியைக் கொண்டுவந்தது. குட்டை முடி, சிவந்த கன்னம் என்று கொடாபேயின் சிறுமிதான் அதில் முப்பரிமாணமாக நடக்கிறாள். ஜெர்மனியில் அது ஒளிபரப்பானபோது முகப்பில் ஆந்திரியாஸ் கபாலியர் பாடினார். மெட்டு 1977-ல் புரூன் போட்ட அதே மெட்டு.